சினிமாவில் திறந்த கதவு

ஆர்லோ பிரூட்டின் முகம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. கை தெரிந்திருக்கலாம். 'புயலை வென்றவன்' என்று ஒரு படம் வந்ததே, அதில் கடைசிக்கு முந்தின ரீலில் பனிப்புயல் நடுவே ஒரு மரக்குடிசை வரும். உள்ளேயிருந்து ஒரு கை கதவின் குறுக்குக்கட்டையைத் தூக்கும். அந்தக் கைதான். கட்டைவிரல் பாதி இருக்காது. அதற்கு முன்னும் பின்னும் கதாநாயகனுக்குப் பத்து விரலும் பத்திரமாக இருக்கும். அந்தக் கோளாறு சினிமாக்காரர்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. எங்கள் டன்னிங் ஊர்க்காரர்கள் கண்ணில் அது மட்டும்தான் பட்டது.

ஆர்லோ பதினாறு வயதில் வயோமிங்குக்கு வந்து மாட்டுப்பண்ணையில் சேர்ந்தவன். அதிகம் பேச மாட்டான். குதிரைகளிடம் பேசுவான், அதுவும் முணுமுணுப்பாக. ஓடுகிற மாட்டின் கழுத்தில் கயிறு விழுந்ததும் மறுமுனையைச் சேணத்தின் கொம்பில் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்தச் சுற்றுக்குள் விரல் மாட்டினால் போச்சு. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு இப்படி ஏதாவது ஒரு விரல் குறையும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆர்லோவின் கெட்ட நேரம், கன்றுகளுக்கு அடையாளச் சூடுபோடும் நாளில் ஊரே வேலிமேல் உட்கார்ந்து பார்க்கும்போது அவனுக்கு அது நடந்தது. அதைவிடக் கெட்ட நேரம், கயிற்றின் அந்த முனையில் இருந்தது காளை இல்லை, கன்றுக்குட்டி.

"கன்னுக்குட்டிக்கு விரலைக் கொடுத்த ஒரே ஆம்பளை நீதாண்டா," என்று வேலிமேலிருந்து கத்தினான் டெல்மர் ஓஸ்ட்ரம். அதே பண்ணையில் வேலை பார்த்தவன், வாயாடி. அன்றைக்கே ஒரு பெயரும் வைத்துவிட்டான். முக்காக்கை. "முக்காக்கை, உப்பை எடு. முக்காக்கை, கையைக் குலுக்கு, மிச்சத்தை அப்புறம் தா." பண்ணையே உருண்டு சிரிக்கும். ஆர்லோவும் கூடவே சிரிப்பான். ஆனால் உள்ளுக்குள் அது முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. ஒருமுறை வாயைத் திறந்து, "என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு டெல்மர்," என்று சொல்லியும் பார்த்தான். "சரி முக்காக்கை," என்றான் டெல்மர். அவனிடம் கெட்ட எண்ணம் கிடையாது, அவன் நாக்குதான் அவனுக்குச் சத்துரு.

பண்ணைக்கு வடக்கே பதினெட்டு மைலில் ஒரு குடிசை. மேய்ச்சல் எல்லையில் நிற்பவர்கள் தங்குவதற்காகக் கட்டியது. அதற்குப் பூட்டு கிடையாது. எங்கள் பக்கத்தில் எந்தக் குடிசைக்கும் கிடையாது. யார் வேண்டுமானாலும் போகலாம், இருப்பதைச் சமைத்துச் சாப்பிடலாம், தூங்கலாம். போகும்போது தட்டைக் கழுவிவைத்து, அடுத்து வருபவனுக்கு ஒரு கட்டு விறகு பிளந்து அடுப்போரம் அடுக்கிவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் வாடகை. கதவின் உள்பக்கம் ஒரு குறுக்குக்கட்டை உண்டு, அது கரடிக்காக. கரடி தூங்குகிற காலத்தில் ஒருவன் அந்தக் கட்டையைப் போட்டான் என்றால், அவன் மனுஷனைத்தான் வெளியே நிறுத்துகிறான் என்று அர்த்தம். அப்படிப்பட்டவனோடு யாரும் உட்கார்ந்து காப்பிகூடக் குடிக்க மாட்டார்கள்.

முப்பத்தெட்டாம் வருஷம் மார்ச் மாதக் கடைசி. பசுக்கள் கன்று ஈனும் நேரம் பார்த்து அந்தச் சனியன் பிடித்த புயல் வந்தது. ஆர்லோ பதினாலு மணி நேரம் குதிரைமேல் இருந்து மாடுகளைப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டு, மத்தியானம் அந்தக் குடிசைக்கு வந்து விழுந்தான். காற்று கதவை இரண்டு தடவை அறைந்து திறந்தது. கட்டையைப் போட்டான். அதுவரை அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. அடுப்பை மூட்டி, பூட்ஸைக் கழற்றி, கம்பளிக்குள் புகுந்துகொண்டான்.

மூன்று மணி வாக்கில் கதவு தட்டும் சத்தம்.

"டேய் முக்காக்கை! உள்ளதான இருக்க? புகையப் பாத்துதான் வந்தேன். தொறடா!"

ஆர்லோ எழுந்து உட்கார்ந்தான். கால் தரையில் பட்டது, தரை சில்லென்றது. 'இந்த நேரத்துலயும் நக்கலு போகுதா பாரு,' என்று நினைத்தான். 'கொஞ்சம் நிக்கட்டும். பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும், தொறக்கறேன்.' மறுபடி படுத்தான். மறுபடியும் முக்காக்கை, மறுபடியும் தட்டல். படுத்தவன் பதினாலு மணி நேரம் தூங்காதவன். உடம்புக்கு மெல்லச் சூடு ஏறிக்கொண்டிருந்தது.

விடிந்து எழுந்தபோது காற்று நின்றிருந்தது. கட்டையை எடுத்துக் கதவைத் திறந்தான், வாசலில் குவிந்திருந்த பனி உள்ளே சரிந்தது. இருபது அடி தள்ளி விறகுக் குவியலோரம் டெல்மர் உட்கார்ந்திருந்தான், முழங்காலைக் கட்டிக்கொண்டு. கதவை உடைக்கக் கோடாரி தேடிப் போயிருக்கிறான். கோடாரி குடிசைக்குள் இருந்தது.

பண்ணைக்காரர் ஆட்களோடு வந்து சேர்ந்தபோது, "உனக்கு ஒண்ணுமே கேக்கலியா?" என்று கேட்டார். "காத்து," என்றான் ஆர்லோ, "காத்துல ஒண்ணும் கேக்கல." டெல்மரின் சேணப் பையில் பாதி காலியான விஸ்கி பாட்டில் ஒன்று இருந்தது. பண்ணைக்காரர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தலையை ஆட்டினார். முடிந்தது. இருபது அடியில் இருந்த கதவைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் குடிபோதையில் செத்தான் டெல்மர் ஓஸ்ட்ரம் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. ஆர்லோ அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்படிப் பேசாமல் நின்றதுதான் பிற்பாடு அவனைப் போட்டு அரித்தது.

டெல்மரின் மனைவி நெட்டிக்கு அப்போது இருபத்தாறு வயது. "அந்த விஸ்கி கன்னுக்குட்டிக்கு," என்று அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். குளிரில் விறைத்த கன்றுக்குப் பாலில் ஒரு கரண்டி விஸ்கி கலந்து கொடுப்பது எங்கள் வழக்கம்தான், அவள் சொன்னது நியாயமான பேச்சு. "ஆமாம்மா, ஆமாம்மா," என்று தலையாட்டிவிட்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் ஊர்க்காரர்கள் கண்ஜாடை காட்டிக்கொண்டார்கள். கொஞ்ச காலத்தில் அவளும் சொல்வதை விட்டாள். சாப்பாட்டுக்கடையில் சமையலுக்குச் சேர்ந்தாள். புருஷனைப் பற்றி யாராவது கேட்டால், குனிந்து மேசையைத் துடைக்கத் தொடங்கிவிடுவாள்.

சவப்பெட்டியை ஆர்லோவும் ஒரு பக்கம் சுமந்தான். அதுவரை நெட்டி என்று கூப்பிட்டவளை அன்றிலிருந்து மிஸஸ் ஓஸ்ட்ரம் என்றுதான் கூப்பிட்டான். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவள் வீட்டுக் குளிர்காலத்துக்கு வேண்டிய விறகு முழுவதையும் பிளந்து, சுவரோரம் அடுக்கிக் கொடுத்தான். அரைக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு கோடாரி பிடிப்பது சுலபம் இல்லை. "இந்த ஊர்ல மனுஷன்னு ஒருத்தன் இருந்தா அது ஆர்லோதான்," என்று அவள் கடையில் எல்லோர் முன்னாலும் சொல்வாள். அவன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். கூச்சம் என்று நினைத்தோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

எட்டு வருஷம் இப்படி ஓடியது. நாற்பத்தாறு ஜனவரியில் ஒரு நாள் புயலுக்கு ஒதுங்கித் தபால் ஆபீசில் உட்கார்ந்திருந்தான். தபால் ஆபீஸை நடத்தியது எஃபி லண்ட், கல்யாணம் செய்துகொள்ளாதவள், கடிதங்களை முத்திரை குத்துகிற வேகத்தில் புத்தகம் படிப்பவள். பின்கதவை யாரோ தட்டினார்கள். தபால் வண்டிக்காரன்தான். ஆனால் ஆர்லோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து போய்க் கதவைத் திறந்து, வண்டிக்காரனின் கோட்டைப் பிடித்து உள்ளே இழுத்தான். பிறகு சுவரில் சாய்ந்து அழத் தொடங்கினான். வண்டிக்காரன் பயந்துபோய்ப் பையை வைத்துவிட்டு ஓடினான். எஃபி கதவைச் சாத்தி, காப்பியை ஊற்றி வைத்துக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்தாள். அவன் கொட்டித் தீர்த்தான். கட்டை போட்டது, தட்டினது, முக்காக்கை என்று கூப்பிட்டது, தூங்கிப்போனது.

"நெட்டிகிட்டப் போய்ச் சொல்லு ஆர்லோ," என்றாள் எஃபி.

"என்னால ஆகாது மிஸ் எஃபி. அவ என்னைப் பாக்கற பார்வை இருக்கே... ஆகாது."

"அப்ப நான் எழுதட்டுமா? உன் பேரு வராது. அடையாளமும் வராது."

அவன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். "எழுதுங்க," என்றான். "யார் வாயாலயாவது வந்தாச் சரி."

மூன்று வருஷம் கழித்து அந்த நாவல் வந்தது. பெயர் 'குறுக்குக்கட்டை'. எஃபி வாக்குக் கொடுத்தபடியே செய்திருந்தாள். கதையில் வருபவனுக்கு விரல் எல்லாம் இருந்தது, சண்டை ஒரு குதிரையைப் பற்றி. ஆனால் கதவு அதே கதவு. வெளியே நிற்பவன் குடிக்காதவன், கதவைக் கண்டுபிடித்தவன், தட்டியவன். கடைசிப் பக்கத்தில் உள்ளே இருந்தவன் கிழவனாகிவிடுகிறான். காற்று கதவை ஆட்டும்போதெல்லாம் எழுந்து போய்த் திறக்கிறான், வெளியே யாரும் இல்லை. ஊரில் எல்லோரும் படித்தார்கள். "எஃபிக்குக் கற்பனை ஜாஸ்தி," என்றார்கள். "நம்ம பக்கத்துல எவன்டா கதவுக்குக் கட்டை போடுவான்? கிறுக்கி." ஒருவர்கூட ஆர்லோவை நினைக்கவில்லை. அவன்தான் ஊரிலேயே நல்ல மனுஷனாயிற்றே!

நெட்டி அதைக் கடையின் மேசையில் வைத்து, ஒரு நாளைக்கு இரண்டு பக்கமாக, விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே படித்தாள். அந்த இலையுதிர் காலத்தில் ஆர்லோ விறகு பிளந்துகொண்டிருந்தபோது புத்தகத்தோடு கொல்லைக்கு வந்து நின்றாள்.

"ஆர்லோ, ஒண்ணு கேக்கறேன். இதுல அவன் கதவைக் கண்டுபிடிக்கறான். தட்டறான். எஃபிகிட்டக் கேட்டேன், ஆர்லோவக் கேளுன்றா. அங்க இருந்தது நீதான். நெசமா?"

கோடாரி கட்டையில் இறங்கியபடி நின்றது. ஒரு வார்த்தை போதும். வேறு எதுவும் வேண்டாம், ஆமாம் என்ற ஒரு வார்த்தை.

"கதைதான அது மிஸஸ் ஓஸ்ட்ரம்," என்றான்.

"அதான் நானும் நினைச்சேன்," என்றாள். "ஆனாலும் அந்தப் பக்கத்தை நாலு தடவை படிச்சேன்." புத்தகத்தை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆர்லோ மிச்ச விறகையும் பிளந்து முடித்தான்.

அதோடு போயிருக்கலாம். போகவில்லை, ஐம்பத்திரண்டு ஜூன் மாதம் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள்.

எஃபியின் புத்தகத்தை வாங்கியிருந்தார்கள். வாங்கினார்களே ஒழிய, அதை அவர்கள் படுத்திய பாடு இருக்கிறதே! புத்தகத்தில் பெண் வாசனையே கிடையாது, படத்தில் இடுப்பு இறுகிய ஒரு பொன்னிறக் கூந்தல்காரி வந்துவிட்டாள். புத்தகத்தில் கிழட்டுச் சாம்பல் பெண்குதிரை, படத்தில் வெள்ளைக் குதிரை, அதற்குத் தனியாக ஒரு சீப்பு, தனியாக ஒரு ஆள். புத்தகத்தில் துப்பாக்கி ஒரு தடவைகூட வெடிக்காது, படத்தில் மாட்டுத் திருடர்கள் இருபது பேர் வந்து மலையே அதிரச் சுட்டார்கள். வெளியே நிற்பவனைக் குடிகாரன் ஆக்கினார்கள், ஜனங்கள் சிரிக்க வேண்டுமாம். ஜூன் மாதத்தில் பனிக்கு எங்கே போவது? மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டிப் பரப்பினார்கள். எங்கள் மாடுகள் விடுமா? கண்மூடித் திறப்பதற்குள் அரைப் புயலை நக்கித் தீர்த்துவிட்டன. எஃபியை ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள், காலையில் ஒரு வணக்கம், மத்தியானம் ஒரு காப்பி. மடியில் புத்தகத்தோடு அவள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

ஆர்லோவுக்குக் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. நெட்டிக்கு அத்தனை பேருக்கும் பீன்ஸும் பிஸ்கட்டும் செய்கிற வேலை.

டைரக்டர் குள்ளமான மனிதர், கறுப்புக் கண்ணாடி போட்டவர், நல்லவர்தான். மற்றதையெல்லாம் விட்டுக்கொடுத்தவர், கதவு விஷயத்தில் மட்டும் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறக்கக் கூடாது, புத்தகத்தில் உள்ளபடி அவன் சாக வேண்டும் என்பது அவர் கட்சி. கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. மேற்குப் பக்கத்து மாட்டுக்காரன் எவனும் அப்படிச் செய்ய மாட்டான், ஜனங்கள் நம்ப மாட்டார்கள் என்றது. கடைசியில், உள்ளூர்க்காரன் ஒருவனாவது நடக்கும் என்று சொல்லட்டும், விட்டுவிடுகிறோம் என்று தந்தி வந்தது. தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் டைரக்டர் நேராக ஆர்லோவிடம் வந்தார். சுற்றிலும் தட்டோடு நாங்கள் முப்பது பேர்.

"ஆர்லோ, இங்க ரொம்ப நாளா இருக்கறவரு நீங்க. உள்ளது உள்ளபடி சொல்லுங்க. வெளில ஒருத்தன் செத்துக்கிட்டு இருக்கான், உள்ள இருக்கறவன் கதவைத் தொறக்கல. சின்னக் கோபம், அவ்வளவுதான். இப்படி நடக்குமா, நடக்காதா?"

"என்ன சார் கேள்வி இது!" என்று யாரோ சிரித்தார்கள். எஃபி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை, வாக்குக் கொடுத்தவள், ஆர்லோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பீன்ஸ் அண்டாவுக்குப் பின்னால் நெட்டி, கரண்டி கையோடு.

நடக்கும் என்றால் போதும், பெயர்கூடச் சொல்ல வேண்டாம். டெல்மர் கதவைக் கண்டுபிடித்தான் என்பதை ஊர் ஊராகப் போய் ஒரு படம் சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் அடுத்த கேள்வி வருமே. உனக்கு எப்படித் தெரியும் ஆர்லோ? எங்கே பார்த்தாய் ஆர்லோ?

"நடக்காது," என்றான். "எங்க பக்கத்துல அப்படி ஒருத்தனும் கிடையாது."

"சபாஷ்!" என்று தட்டுகளைத் தட்டினோம். நானும்தான் தட்டினேன். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சரி, திறந்துவிடுவோம் என்றார். எஃபி புத்தகத்தை மூடி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து நடந்தே ஊருக்குப் போனாள். மறுநாளிலிருந்து அவள் படப்பிடிப்புக்கு வரவில்லை.

கதாநாயகனுக்குக் கட்டையைத் தூக்கத் தெரியவில்லை. தூக்கினால் காப்பித் தட்டைத் தூக்குவது மாதிரி தூக்கினான், எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. டைரக்டர் ஆர்லோவின் கையைப் பார்த்தார். "இதுதான் கை! இதைக் கொண்டாங்க!" கதாநாயகன் சட்டையின் கைப்பகுதியை மட்டும் கழற்றி அவனுக்கு மாட்டினார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் கேமரா முன்னால் ஆர்லோ, அந்தப் பக்கம் குடிகாரன் வேஷம் போட்டவன். அவன் தட்டினான், "தொறடா!" என்றான். ஆர்லோ கட்டையைத் தூக்கினான். இன்னொரு தடவை என்றார் டைரக்டர். மறுபடி தட்டல், மறுபடி தூக்கினான். பதினோரு தடவை திறந்தான் அந்தக் கதவை. ஒவ்வொரு தடவையும் வெளியே உயிரோடு ஒருவன் நின்றான். பதினோராவது தடவை கை நடுங்கியது. அதுதான் அருமை என்று அதையே வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூட்ட ஹாலில் எங்கள் ஊருக்கென்று படத்தைப் போட்டார்கள். ஜன்னலுக்கெல்லாம் கம்பளி தொங்கவிட்டு இருட்டாக்கியிருந்தோம். ஆர்லோ வரவில்லை என்றுதான் சொன்னான், நாங்கள்தான் இழுத்துக்கொண்டு வந்தோம். அந்த இடம் வந்தது. கட்டை தெரிந்தது, அரைக் கட்டைவிரல் தெரிந்தது.

"டேய், நம்ம ஆர்லோ கைடா!"

ஹால் கிழிந்தது. தொப்பிகள் பறந்தன. கதவு திறந்து, பனியோடு குடிகாரன் உள்ளே விழுந்து, ஒரு விக்கல் விக்கி, "காப்பி இருக்கா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நெட்டி சிரிக்கவில்லை, கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

விளக்கைப் போட்டதும் ஆளாளுக்கு ஆர்லோவின் முதுகில் அடித்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு நெட்டி வந்தாள். அவனுடைய வலது கையைத் தன் இரண்டு கையாலும் எடுத்துப் பிடித்துக்கொண்டாள். "சினிமாவுலயாவது அவனுக்கு ஒருத்தன் தொறந்தானே ஆர்லோ. அது உன் கையா இருந்ததுல எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? குடிகாரனா இருந்தா என்ன, அவனையும் ஒருத்தன் உள்ள இழுத்துக்கிட்டான்ல." அந்தக் கையை அப்படியே தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அதை அவனால் தாங்க முடியவில்லை. கெட்ட வார்த்தை சொல்லி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். கையை உருவிக்கொண்டான்.

"அவன் குடிச்சிருக்கல நெட்டி," என்றான். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அவள் பெயரைச் சொல்கிறான். "கதவைக் கண்டுபிடிச்சான். தட்டினான். கட்டை போட்டிருந்தது நான். எனக்குக் கேட்டுச்சு."

பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள் நிறுத்தினார்கள்.

"என்ன சொன்ன?"

"முக்காக்கைன்னு கூப்பிட்டான். கோவம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத் தொறப்போம்னு படுத்திருந்தேன். தூங்கிட்டேன். புத்தகத்துல இருக்கறது அத்தனையும் நெசம்."

நெட்டி அவன் முகத்தையே பார்த்தாள். குரலை உயர்த்தவே இல்லை. "கடைசியா என்ன சொன்னான்? அது புத்தகத்துல இல்ல."

எஃபி தூண் ஓரமாக நின்றிருந்தாள். ஆர்லோ ஒரு தடவை அவளைப் பார்த்தான். அவளிடம் சொல்லாதது ஒன்று இருந்தது.

"என் பேரைச் சொன்னான்," என்றான். "முக்காக்கைன்னு இல்ல. ஆர்லோன்னு. ஒழுங்கா. 'ஆர்லோ, தயவுசெஞ்சு'ன்னான். அப்ப நான் தூங்கல நெட்டி. முழிச்சிக்கிட்டுதான் இருந்தேன். கேட்டுச்சு. கம்பளி சூடா இருந்துச்சு. இதோ எழுந்திருக்கறேன், இதோன்னு... எழுந்திருக்கல. அப்புறந்தான் தூங்கினேன்."

எஃபி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

நெட்டி ஏப்ரன் இல்லாத பாவாடையில் கையைத் துடைத்தாள். இரண்டு கையையும், மெதுவாக. பிறகு, "பெஞ்சு மேல ஏறு," என்றாள். "இப்ப எங்கிட்டச் சொன்னியே, அதைக் கடைசி வரிசைக்கும் கேக்கற மாதிரி சொல்லு. டெல்மர் குடிச்சிருக்கலன்னு மொதல்ல சொல்லு."

ஏறினான். சொன்னான். அந்த நேரத்தில் அவன் காது, கழுத்து எல்லாம் சிவந்துபோயிருந்தது. ஒருவரும் அவனை ஒன்றும் செய்யவில்லை. ஆண்கள் எல்லோரும் தங்கள் தொப்பிக்குள் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி குனிந்திருந்தோம். பதினைந்து வருஷம் ஒரு செத்தவனைக் குடிகாரன் என்று சொல்லிச் சிரித்தது நாங்கள். அந்தப் பாட்டிலுக்கு நெட்டி சொன்ன காரணத்தை நம்பாதது நாங்கள். வெட்கப்படுவதற்கு அன்றைக்கு ஆர்லோ மட்டும் இருக்கவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் ஆர்லோ வழக்கம்போல் நெட்டியின் கொல்லைக்குப் போனான். கோடாரி வழக்கமான இடத்தில் இல்லை. நெட்டியின் கையில் இருந்தது. அவளே பிளந்துகொண்டிருந்தாள், பாதிக்கு மேல் முடிந்திருந்தது. அவன் வந்த வழியே திரும்பினான். டெல்மரின் கல்லறைக் கல்லில் அதுவரை பெயரும் வருஷமும்தான் இருந்தன. அதன்கீழ் அவள் ஒரு வரி வெட்டவைத்தாள்: 'இவன் கதவைக் கண்டுபிடித்தான்.'

படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அது நன்றாக ஓடியது. புத்தகம் இப்போது எங்கும் கிடைப்பதில்லை, தபால் ஆபீசில் எஃபியின் பிரதி ஒன்று இருக்கிறது. கோடைக்காலத்தில் வெளியூர்க்காரர்கள் காரில் வந்து இறங்கி, கதவைத் திறந்த கையைக் குலுக்க வேண்டும் என்று ஆர்லோவைத் தேடுவார்கள். அவன் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்வான். "அது நடிப்பு. தபால் ஆபீசுல புத்தகம் இருக்கு, அதைப் படிங்க," என்பான். அவர்கள் அதைத் தன்னடக்கம் என்று நினைத்து இன்னும் சந்தோஷப்பட்டுக்கொண்டு போவார்கள். புத்தகத்தைக் கேட்டு வந்தவர்களை எஃபி ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடுவாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொரணை கம்மி. வருஷத்துக்கு ஒருமுறை ஊர் விழாவில் அந்தப் படத்தைத்தான் போடுகிறார்கள். நெட்டி வருவாள், மூன்றாவது வரிசையில் உட்காருவாள், கட்டை தெரிகிற இடம் வந்ததும் எழுந்துவிடுவாள். ஆர்லோ உள்ளே உட்கார்வதே இல்லை, கதவோரம் நிற்பான். முதல் வருஷம் அவள் எழுந்து வருவதைப் பார்த்ததும் பதறிப்போய், ஹால் கதவைத் திறந்துவிடக் கைப்பிடியில் கை வைத்தான். பின்னால் திரையில் அதே கை பெரிதாகக் கட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தது, ஜனங்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கையை எடு ஆர்லோ," என்றாள் நெட்டி. "எனக்குத் தொறக்கத் தெரியும்."

அவன் எடுத்தான். அவள் திறந்துகொண்டு போனாள்.